ஆறாம் எண் அங்கி

வினிஃப்ரெட் நான்காவது முறையாக அந்தப் பட்டமளிப்பு அங்கியின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வாடகை அங்கி அது. யாரோ உயரமான ஆளுக்குத் தைத்தது. அவள் மகள் ஷர்மைனோ நாலே முக்கால் அடி. ஒவ்வொரு நவம்பரிலும் வினிஃப்ரெட் ஓரத்தை மடித்துத் தைப்பாள்; விழா முடிந்து அங்கி திரும்பிப் போனதும் யாரோ அந்தத் தையலைப் பிரித்துவிடுவார்கள்; அடுத்த நவம்பரில் அதே அங்கி அவள் மடிக்கே திரும்பிவரும். கழுத்துப் பட்டையின் உட்புறம் சிவப்பு நூலில் '6' என்று தைத்திருக்கும்.

ஜோகூரின் பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து அப்போதுதான் வந்திருந்தான் அவள் கணவன் டெஸ்மண்ட். காலணியைக் கழற்றியபடி அங்கியைப் பார்த்தான்.

"நம்ம வீட்டுலயே அதிகம் படிச்சவ அவதான். எனக்கு பள்ளிக்கூடத்தோட சரி, உனக்கு டைப்பிங் கோர்ஸ் ஒண்ணு. அவளுக்கு இதோட நாலு பட்டம்."

"சிரிக்காதீங்க. குழந்தைக்குக் கேட்கும்."

குழந்தைக்கு வரும் ஜனவரியில் இருபத்தொரு வயது முடிகிறது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். அடுத்த அறையில், துவைத்து வந்த துணிகளை ஒவ்வொன்றாக விரித்து, நீவி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பனியனாக இருந்தாலும் சரி, அடுப்படித் துணியாக இருந்தாலும் சரி, அவள் கையில் எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை.

ஒரே ஆள் எப்படி நான்கு முறை பட்டம் வாங்க முடியும் என்று கேட்பவர்களுக்கு விடியல் மையத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பெர்மாஸ் ஜெயாவில் ஒரு மூலைவீட்டில் நடந்தது. வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகள் பள்ளியை முடித்ததும், பெரியவர்களுக்கான சேவைகளுக்கு அவர்களைத் தயார்செய்து அனுப்பிவைப்பது அதன் நோக்கம். இளையோர் மாறுதல் திட்டம் என்று பெயர். ஒரு வருடப் பயிற்சி. பாத்திரம் கழுவ, துணி மடிக்க, கடையில் மீதிச் சில்லறையைக் கேட்டு வாங்க, தெரியாதவர் கூப்பிட்டால் போகாமலிருக்க எல்லாம் சொல்லித்தந்தார்கள். நன்றாகவே சொல்லித்தந்தார்கள். அனுப்பிவைக்க இடம் இல்லை என்பது ஒன்றுதான் குறை. ஆற்றின் நடுவரை அழகாகப் பாலம் கட்டி, கைப்பிடிக்கு வர்ணமும் பூசிய பிறகு அக்கரையைக் காணோம் என்று தெரிந்துகொண்ட மாதிரி ஆகிவிட்டது அவர்கள் நிலைமை.

அதற்காகத் திட்டத்தை நிறுத்திவிட முடியுமா? நன்கொடை நிறுவனம் வருடத்துக்கு எட்டுப் பட்டதாரிகளைக் கேட்டிருந்தது. ஆகவே நவம்பரில் பட்டம் வாங்கிய எட்டுப் பேரும் ஜனவரியில் புதிய பாரம் நிரப்பிப் புதிய மாணவர்களாகச் சேர்ந்தார்கள். பாரத்தில் 'முன்பு பெற்ற பயிற்சி' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதும்படி மையத்தின் குழு பெற்றோரை அன்போடு கேட்டுக்கொண்டது. உண்டு என்று எழுதினால் சேர்க்க விதி இடம் தராது. சிங்கப்பூர் சுங்கத்தில்கூடப் பொய் சொல்லாத வினிஃப்ரெட் மூன்று வருடம் 'இல்லை' என்று எழுதினாள். மூன்று முறையும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள். குருவானவர் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டு, ஓர் 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார்.

இந்த வருடம் அந்தப் பாரம் வரவில்லை. விழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில், கிளினிக்கில் வேலை முடிந்து வரும் வழியில், வினிஃப்ரெட் மையத்துக்குப் போனாள்.

குழுத் தலைவர் கனகசுந்தரம் மேசைக்குப் பின்னால் இருந்தார். அரசாங்க அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வுபெற்றவர். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் மூன்று நிறப் பேனாக்கள். சம்பளம் வாங்காமல் தினமும் வருவார். மையத்து வேன் நின்றுபோனால் யாரிடமும் சொல்லாமல் தானே பழுதுபார்த்துத் தருவார். நல்ல மனிதர். ஆனால் உலகத்தைக் கோப்பின் வழியாகத்தான் பார்க்க முடியும் அவரால். கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல.

"வாங்கோ பிள்ளை, இருங்கோ."

"அங்கிள், ஜனவரி பாரம் இன்னும் குடுக்கலையே?"

"அதைத்தான் உங்களோட கதைக்க வேணும். ஷர்மைனுக்கு ஜனவரி ஆறாம் தேதி இருபத்தொண்டு முடியுது."

"ஆமா. மூணு ராஜா திருநாள் அன்னிக்குப் பொறந்தவ."

"எங்கட திட்டம் இளையோருக்கு. இருபத்தொண்டு முடிஞ்சால் அவ இளையவ இல்லை. வளர்ந்தவ."

"அப்போ வளர்ந்தவங்க எங்க போறது?"

"வளர்ந்தோர் சேவைக்கு."

"அது எங்க இருக்கு, அங்கிள்?"

கனகசுந்தரம் நீலப் பேனாவை எடுத்து, மூடியைத் திறந்து, திரும்ப மூடினார். "அதைத்தானே பிள்ளை, குழு ஏழு வருஷமா பரிசீலிச்சுக்கொண்டு இருக்கு."

மேசைமேல் திறந்திருந்த பதிவேட்டில் எட்டுப் பெயர்கள் இருந்தன. கடைசிக் கட்டத்துக்கு 'அடுத்த இடம்' என்று தலைப்பு. எட்டுக்கும் நேராகப் 'பரிசீலனையில்' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. எல்லாப் பக்கங்களிலும் அப்படித்தான்.

பாரம் தள்ளிப்போனதிலிருந்தே வினிஃப்ரெட் தானாகவும் தேடாமலில்லை. அந்த மாதம் டெஸ்மண்ட் லீவு போட, மூவருமாக இரண்டு இடங்களுக்குப் போய் வந்தார்கள். முதலாவது ஒரு வேலைப் பட்டறை. மாற்றுத் திறனாளிகள் உட்கார்ந்து பெட்டி ஒட்டும் இடம். தானாகப் பஸ் ஏறி வருவாளா, ஒரு வருட வேலை அனுபவம் உண்டா என்று கேட்டார்கள்.

"வேலை குடுத்தாத்தானே சார் அனுபவம்?" என்றான் டெஸ்மண்ட்.

"அனுபவம் இருந்தாத்தானே சார் வேலை?" என்றார் அதிகாரி, அவரும் அதே வருத்தத்தோடு.

இரண்டாவது ஒரு பகல்நேரப் பராமரிப்பு இல்லம். அங்கே காத்திருந்த நேரத்தில் ஷர்மைன் மேசையைத் துடைத்து, யாரோ விட்டுப்போன சால்வையை மடித்துவைத்து, தண்ணீர் வேண்டுமா என்று அதிகாரி அம்மாளையே கேட்டுவிட்டாள். அந்த அம்மாள் பாரத்தில் பெருக்கல் குறி போட்டாள். "இவ்வளவு செய்றாளே! இங்க இருக்கிறவங்க சொந்தமா சாப்பிடக்கூட மாட்டாங்க. உண்மையிலேயே முடியாதவங்களுக்குத்தாம்மா இந்த இடம்."

திரும்பும்போது காரில் டெஸ்மண்ட் சொன்னான்: "ஒரு இடத்துல கொஞ்சம் பத்தல. இன்னொரு இடத்துல கொஞ்சம் கூடிப்போச்சு. அலமாக், சரியா அளவெடுத்துத்தான் பெத்திருக்கணும் போல."

வினிஃப்ரெட்டை வாட்டியது இந்த அதிகாரிகள் அல்ல. டிசம்பர் விடுமுறைதான். மையம் மூடியிருக்கும் அந்த மாதத்தில் ஷர்மைன் தினமும் காலை ஏழரைக்குக் குளித்து, தலைவாரி, முதுகில் பையோடு கேட்டருகே போய் நின்றுவிடுவாள். வேன் வராது என்று சொன்னால் தலையாட்டுவாள். ஆனாலும் நிற்பாள். தொழிற்சாலைப் பேருந்துகள் போகும், மோட்டார் சைக்கிள்கள் போகும், பக்கத்து வீட்டார் போவார்கள். எல்லோருக்கும் கை காட்டுவாள். பத்து மணிக்குமேல் வெயில் ஏறியதும் உள்ளே வந்து, பையைத் திறந்து, சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கழுவி வைப்பாள். ஒரு மாதம் அப்படி நின்றால் அது விடுமுறை. இனி வாழ்நாள் முழுக்க நின்றால் அதற்கு என்ன பெயர் என்று வினிஃப்ரெட்டுக்குத் தெரியவில்லை. ஒன்பது வாரமாகச் சகாயமாதா நவநாளில் அவள் கேட்டுவந்தது ஒன்றுதான்: தாயே, காலையில் இவள் போக ஓர் இடம் காட்டும்.

பட்டமளிப்பு விழா சனிக்கிழமை, மண்டபத்தில். நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளை உறை, முன்வரிசைக்கு மட்டும் ஊதா ரிப்பன். கூடாரம், மேசை, நாற்காலி, உறை, பட்டமளிப்பு அங்கி எல்லாம் வாடகைக்குவிடும் செல்லம் என்ற பெண்ணுக்குத்தான் வருடாவருடம் இந்த வேலை. ஐம்பது வயதிருக்கும். தோளில் ஒரு துண்டு. குரல் மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு ஒலிபெருக்கி இல்லாமலே வரும். "டேய், கெமா கம்பிய லோரியில வைக்காம யாரு தலையில வைக்கப்போற?" என்று கூடாரக் கம்பி தூக்கியவனைப் பார்த்து அவள் கத்தியது, உள்ளே ஜெபத்தோடு விழா தொடங்கியபோதும் கேட்டது.

சிறப்பு விருந்தினர் பல் மருத்துவர் விஜயேந்திரன். முதல் தடவையாக வந்திருந்தார். அதனால்தான் இதற்குமுன் எந்த விருந்தினரும் செய்யாத ஒன்றைச் செய்தார். பட்டம் வாங்க வந்தவளிடம் ஒரு கேள்வி கேட்டார்.

ஷர்மைன் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடை ஏறி, ரிப்பன் கட்டிய காகிதச் சுருளை வாங்கிக்கொண்டாள். சுருளுக்குள் ஒன்றும் எழுதியிராது. பங்கேற்புச் சான்றிதழைப் பிறகு அலுவலகத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இது மேடையில் டாக்டரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"வெரி குட், ஷர்மைன்!" டாக்டர் ஒலிவாங்கியை அவள் பக்கம் நீட்டினார். "படிச்சு முடிச்சாச்சு. அடுத்து என்ன செய்யப்போறீங்க?"

ஷர்மைன் யோசித்தாள். அவளிடம் யாராவது எதையாவது கேட்டால் உண்மையாக யோசித்துத்தான் பதில் சொல்வாள்.

"அடுத்த வருஷமும் வருவேன்," என்றாள். "நீங்களும் வாங்க."

மண்டபம் சிரித்தது. டாக்டரும் சிரித்தார். பிறகு, இதில் எங்கே நகைச்சுவை என்று ஒவ்வொருவராக யோசிக்கத் தொடங்க, சிரிப்பு பின்வரிசையிலிருந்து நின்றுகொண்டே வந்தது. நன்கொடை நிறுவனத்து மேலாளர் தன் கையிலிருந்த நிகழ்ச்சிநிரலைப் புரட்டினார். கனகசுந்தரம் பாட்டுப் போடச் சொல்லிக் கை காட்டினார். வினிஃப்ரெட் சிரிக்கவில்லை. அடுத்த வருடம் வர முடியாது என்பது மகளுக்குத் தெரியாது. எப்படிச் சொல்வது என்று தாய்க்கும் தெரியவில்லை.

விழா முடிந்தது. எல்லோரும் மீகூனும் கறிபாப்பும் இருந்த சாப்பாட்டு மேசைக்குப் போனார்கள். மற்ற ஏழு பட்டதாரிகளும் அங்கியைக் கழற்றி, விழுந்த இடத்தில் விட்டுவிட்டு ஓடினார்கள். ஷர்மைன் மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் அங்கியை அதன்மேல் விரித்து, கைகளை உள்ளே மடக்கி, நீவி, மூன்றாக மடித்து, சதுரத் தொப்பியை மேலே வைத்தாள். பிறகு பக்கத்து நாற்காலியின் உறையைக் கழற்றி அதையும் மடித்தாள். அதற்கடுத்தது. செல்லத்தின் ஆட்கள் உறைகளைச் சாக்கில் திணித்துக்கொண்டு வர, அவள் எதிர்ப்பக்கத்திலிருந்து அடுக்கிக்கொண்டு வந்தாள்.

செல்லம் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏம்மா, ஆறாம் நம்பர் உன்னுதா?"

"ஆமா, ஆண்ட்டி."

"நாலு வருஷமாவா?"

ஷர்மைன் நான்கு விரல்களைக் காட்டினாள்.

செல்லம் வினிஃப்ரெட்டைத் தேடிப் பிடித்தாள். "அக்கா, நீங்கதானே அவ அம்மா? வருஷா வருஷம் இங்கேருந்து எட்டு அங்கி வரும். ஏழு கசங்கிச் சுருண்டு வரும். ஒண்ணு மட்டும் புதுசா கடையில வாங்குன மாதிரி வரும். டீச்சர் யாரோ மடிக்குறாங்கன்னு நெனச்சேன். தையலப் பிரிக்கவே மனசு வராது லா."

"அவளுக்கு மடிக்கப் பிடிக்கும்," என்றாள் வினிஃப்ரெட், கொஞ்சம் கூச்சத்தோடு.

"எனக்குப் பிடிக்காது. என் கடையில ஒருத்திக்கும் பிடிக்காது. வாராவாரம் உறை மலையாட்டம் தோய்ச்சு வருது. பத்து நிமிஷந்தான் என் ஸ்டோர், இங்கேருந்து. அனுப்புறீங்களா?"

ஒன்பது வாரமாகக் கேட்டது வந்துவிட்டது. வினிஃப்ரெட் என்ன சொன்னாள் தெரியுமா?

"அவ... பட்டம் வாங்கியிருக்கா," என்றாள்.

சொன்ன பிறகு அவளுக்கே முகம் சிவந்தது. செல்லம் கோபப்படவில்லை.

"நல்லதாப் போச்சு. நான் மூணாங்கிளாஸ். ரெண்டு பேரும் சேர்ந்தா சராசரி சரியா வரும். யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டுக் கூடத்தின் சுவரில் மூன்று படங்கள் மாட்டியிருந்தன. மூன்றிலும் அதே அங்கி, அதே சிரிப்பு, கையில் அதே சுருள். விருந்தினர்தான் வேறு வேறு. பக்கத்தில் நிற்கும் அம்மாவின் தலை படத்துக்குப் படம் வெளுத்திருந்தது. நான்காவதற்கு ஆணி அடிக்க நாற்காலியில் ஏறிய வினிஃப்ரெட், சுத்தியலோடு வெகுநேரம் நின்றாள். இந்தப் படங்கள் யாருக்கு? வருகிற விருந்தாளிகளுக்கு. "என் மகள் பட்டம் வாங்கினாள்" என்று சொல்லிக்கொள்ள ஆசைப்பட்ட ஒரு தாய்க்கு. ஷர்மைன் அவற்றை ஏறிட்டுப் பார்த்ததேயில்லை. வெள்ளிக்கிழமைகளில் தூசி தட்டுவதோடு சரி.

மறுநாள் பூசையில் வினிஃப்ரெட்டுக்கு இன்னொன்றும் புரிந்தது. அவள் மாதாவிடம் கேட்டது ஓர் இடம். அந்த இடத்தில் குளிரூட்டி இருக்கும், வாசலில் பெயர்ப்பலகை இருக்கும், உள்ளே யாராவது மெல்லிய குரலில் ஆங்கிலம் பேசுவார்கள் என்பதெல்லாம் அவளாகச் சேர்த்து நினைத்துக்கொண்டது. அதை ஜெபத்தில் சொல்லவேயில்லை. கேட்டது கேட்டபடி வந்தது. தோளில் துண்டு போட்டுக்கொண்டு வந்ததால் அடையாளம் தெரியவில்லை.

திங்கட்கிழமை அவள் விஷயத்தைச் சொன்னதும் கனகசுந்தரம் முதலில் மகிழ்ந்தார். பிறகு கவலைப்பட்டார்.

"ஆனால் பிள்ளை, அது அங்கீகரிச்ச சேவை இல்லையே. அந்த அம்மா சேவை வழங்குநர் பாரம் நிரப்ப வேணும்."

பாரம் பதினான்கு பக்கம். அதை அவரே கையில் எடுத்துக்கொண்டு, வினிஃப்ரெட்டுடன் செல்லத்தின் ஸ்டோருக்குப் போனார். கூடாரக் கம்பிகளுக்கும் அடுக்கிய நாற்காலிகளுக்கும் நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"முதல் கேள்வி. உங்கட நிறுவனத்தின் தொலைநோக்கு என்ன?"

"ஞாயித்துக்கிழமை மழை வரக்கூடாது."

கனகசுந்தரம் எழுதலாமா என்று யோசித்தார். "நீண்டகால இலக்கு?"

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் வரக்கூடாது. ஐயா, ரெண்டு கல்யாணம் இருக்கு எனக்கு. பிள்ளைய அனுப்புங்க. மத்த பிள்ளைங்களுக்குக் குடுக்கிற சம்பளம் அதுக்கும் உண்டு. பசிச்சா சாப்பாடு போடுவேன். வேற என்ன எழுதணும்?"

அவர் பாரத்தைப் பார்த்தார். இந்த மூன்று வாக்கியங்களுக்கும் அந்தப் பதினான்கு பக்கத்தில் எங்குமே இடம் விட்டிருக்கவில்லை.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள், காலை ஏழரைக்கு, ஷர்மைன் பையோடு கேட்டருகே நின்றாள். வேன் வரவில்லை. செல்லத்தின் லோரி வந்தது. வினிஃப்ரெட் பதினோரு குறிப்புகள் எழுதிய தாளைச் செல்லத்திடம் கொடுத்தாள். எத்தனை மணிக்குத் தண்ணீர், எத்தனை மணிக்குக் கழிவறை, பயந்தால் என்ன செய்வாள், எதைச் சாப்பிடக்கூடாது.

"இங்கிலீஷ்ல எழுதியிருக்கீங்களே அக்கா. அவளையே கேட்டுக்கிறேன்," என்று செல்லம் தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். கிளினிக்குக்குப் போன வினிஃப்ரெட் அன்று இரண்டு நோயாளிகளுக்கு அட்டையை மாற்றிக் கொடுத்தாள்.

எல்லாம் நன்றாக நடந்துவிட்டது என்று சொன்னால் பொய்யாகும். ஷர்மைன் மடிப்பது அழகு. ஆனால் மற்றவர்கள் ஐம்பது மடிக்கும் நேரத்தில் அவள் பன்னிரண்டு மடித்தாள். செடெனாக்கில் ஒரு கல்யாணத்துக்கு முந்நூறு நாற்காலிக்கு ரிப்பன் கட்ட வேண்டியிருந்தது. ஷர்மைன் தன் வரிசையைக் கட்டியதோடு நிற்காமல், மற்றப் பெண்கள் கட்டியது கோணலாக இருக்கிறதென்று ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வரும் நேரம். பாதி நாற்காலி வெறுமனே நின்றது. செல்லம் தன் வழக்கமான குரலில் கத்தினாள். ஷர்மைன் காதைப் பொத்திக்கொண்டு பந்தி மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

செல்லம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மேசைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு தானும் உள்ளே நுழைந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பயந்துட்டியாம்மா?" என்று கேட்டாள். அவ்வளவு சன்னமான குரல் அவளுக்கு உண்டென்று, மேசைக்கு வெளியே நின்ற அவள் புருஷனுக்கே அன்றுதான் தெரிந்தது. "ஆண்ட்டி இனிமே கத்த மாட்டேன். லோரிக்காரப் பயலுங்களைத்தான் கத்துவேன். உன்னை இல்ல."

"கோணலா இருக்கு, ஆண்ட்டி."

"இருக்கட்டும். பின்னாடி உட்கார்றவன் சோத்தைப் பார்ப்பான், ரிப்பனைப் பார்க்க மாட்டான். முன்வரிசை மட்டும் உன்னுது. அதுல யாரும் கை வைக்கக்கூடாது. நீயும் மத்த வரிசையில கை வைக்கக்கூடாது. சரியா?"

ஷர்மைன் அதை நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு, "சரி," என்றாள். அன்றிலிருந்து ஜோகூரின் அந்தப் பக்கத்தில் செல்லம் நாற்காலி போட்ட எந்த விசேஷத்திலும் முன்வரிசைக்காரர்கள் நேரான ரிப்பனில் சாய்ந்தார்கள்.

கனகசுந்தரம் மார்ச் மாதம் கண்காணிப்புக்காக வந்தார். கோப்போடு வந்து, அதே முக்காலியில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம் பார்த்தார். சும்மா இருக்க முடியாமல் தானும் ஒரு ரிப்பனை எடுத்துக் கட்டினார். ஷர்மைன் அருகில் வந்து பார்த்தாள், அதை அவிழ்த்தாள், கட்டினாள், "இப்படி, அங்கிள்," என்றாள். முப்பத்திரண்டு வருடம் மற்றவர்களின் கோப்பைத் திருத்தி அனுப்பியவர் அவர். இரண்டாவது ரிப்பனை எடுத்து அவள் சொன்னபடி கட்டினார். அது சரியாக வந்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைக் கோப்பில் எழுத வழியில்லை.

பிறகு பதிவேட்டைத் திறந்து, ஷர்மைன் பெயருக்கு நேராக இருந்த 'பரிசீலனையில்' என்பதை அளவுகோல் வைத்து அடித்து, 'வேலைக்குப் போகிறாள்' என்று எழுதினார். கட்டம் சிறியது, எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஏழு வருடத்தில் அந்தக் கட்டத்துக்கு வந்த முதல் விருந்தாளி.

அதற்குப் பிறகு குழுக் கூட்டங்கள் குறைந்தன. திங்கட்கிழமைகளில் அவர் தன் பழைய காரை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போவதாகக் கேள்வி. பதினான்கு பக்கப் பாரத்தைக் கொண்டுபோகவில்லை. "உங்களுக்குப் பிடிக்காத வேலை என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்பாராம். ஒரு ரொட்டிக் கடைக்காரருக்குத் தட்டு துடைப்பது பிடிக்கவில்லை. ஒரு பூக்கடைக்காரிக்கு வாளியில் தண்ணீர் மாற்றுவது பிடிக்கவில்லை. வருடம் முடிவதற்குள் இன்னும் இரண்டு கட்டங்களில் எழுத்து மாறியது.

நவம்பரில் மறுபடி பட்டமளிப்பு விழா. இம்முறை வினிஃப்ரெட்டின் மடிக்கு அங்கி வரவில்லை. அவள் பின்வரிசையில் டெஸ்மண்டோடு சும்மா உட்கார்ந்திருந்தாள். விரல்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஷர்மைன் காலை ஏழரைக்கே லோரியில் வந்து, கடையின் பெயர் போட்ட சட்டையோடு முன்வரிசையைக் கட்டி முடித்துவிட்டுப் பின்கட்டில் தேநீர் குடிக்கப் போயிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் குழுவில் யாருக்கோ, நன்கொடை நிறுவனத்தின் நிறம் ஊதா அல்ல, மஞ்சள் என்று நினைவுக்கு வந்தது. உறுப்பினர்களே ஆளுக்கொரு பக்கமாக ஊதாவை அவிழ்த்து, கைக்கு வந்தபடி மஞ்சளைக் கட்டிவிட்டார்கள். விருந்தினர்களும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் டாக்டர் விஜயேந்திரன். போன வருடம் ஒருத்தி வரச் சொல்லியிருந்ததால் இந்த வருடம் தானாகவே கேட்டு வந்ததாகச் சொன்னார்.

கனகசுந்தரம் பின்கட்டுக்கு விரைந்தார். கையில் ஆறாம் எண் அங்கி.

"பிள்ளை ஷர்மைன், ஓடி வாங்கோ. மேடையில உங்களைப் பற்றிச் சொல்லப்போறம். இதைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் நிண்டால் போதும்."

ஷர்மைன் அங்கியை வாங்கிப் பார்த்தாள். கழுத்துப் பட்டை மடங்கியிருந்ததை நிமிர்த்தி, திரும்ப மடித்து, அவர் கையிலேயே வைத்தாள்.

"எனக்கு வேலை இருக்கு, அங்கிள்."

மண்டபத்துக்குள் வந்தவள் முன்வரிசையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிறகு நேராக டாக்டரிடம் போனாள்.

"வந்துட்டேன் பார்த்தீங்களா?" என்றார் அவர் உற்சாகமாக.

"எழுந்திருங்க."

"என்னம்மா?"

"கோணலா இருக்கு. எழுந்திருங்க."

சிறப்பு விருந்தினர் எழுந்தார். அவள் முழங்காலிட்டு, அவர் நாற்காலியின் மஞ்சள் ரிப்பனை அவிழ்த்துக் கட்டத் தொடங்கினாள். அடுத்து தன் முறைதான் என்று தெரிந்து மேலாளரும் எழுந்தார். அவருக்குப் பக்கத்திலிருந்தவரும் எழுந்தார். மேடையில் ஒலிவாங்கி தயாராக இருந்தது, பாட்டுப் போட ஆள் தயாராக இருந்தான். கனகசுந்தரம் வேண்டாம் என்று கை காட்டினார். பக்கவாசலில் செல்லம் ஏதோ சொல்ல வந்து, துண்டால் வாயை மூடிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் முன்வரிசை முழுவதும் எழுந்து நின்றது. யாரும் கை தட்டவில்லை. அவள் வேலையை முடிக்கும்வரை எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.